உறவுமுறை: மகள்

அடையாறில் ஒரு மத்திய அரசு அலுவலகம். சம்பளப் பில் போடும் பிரிவில் நான் குமாஸ்தாவாகச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கும் ஊழியர்களுக்கு அரசாங்கம் கல்விப்படி கொடுத்துவந்தது. பெரிய தொகை இல்லை. வருமான வரியிலும் அதற்குக் கொஞ்சம் சலுகை உண்டு என்பதால் யாரும் விடமாட்டார்கள். ஜூலை பிறந்தால் என் மேஜையில் விண்ணப்பங்கள் குவியும்.

அந்த வருடம் எங்கள் ஸ்டெனோவின் விண்ணப்பமும் வந்தது. மயிலாப்பூரிலிருந்து வருகிறவர். முப்பது தாண்டியிருக்கும், கல்யாணம் ஆகாத பெண். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் குழந்தையின் பெயரை எழுதி, உறவுமுறை என்ற கட்டத்தில் 'மகள்' என்று போட்டிருந்தார்.

பிழை கண்டுபிடிப்பதில் எனக்கு அப்போது ஒரு பெருமை. அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், 'பணிப்பதிவேட்டின்படி இவருக்குக் குழந்தை இல்லை, விளக்கம் கேட்கலாம்' என்று குறிப்பு எழுதினேன். சூப்பிரண்டு கையெழுத்துப் போட்டார். மெமோ ஸ்டெனோ கைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஹாலில் பாதிப் பேர் அதைப் படித்துவிட்டார்கள்.

மத்தியானமே என் இடத்துக்கு வந்தார். முகத்தில் கோபம் தெரியவில்லை.

"என் அக்கா பொண்ணு சார். அக்கா போனப்போ இவளுக்கு ரெண்டு வயசு. அதுலேர்ந்து என்னைத்தான் அம்மான்னு கூப்பிட்டுண்டு இருக்கா. வேற என்னன்னு எழுதறது?"

சொந்தக் குழந்தை, அல்லது சட்டப்படி தத்தெடுத்த குழந்தை என்றுதான் விதி சொல்கிறது என்றேன். புத்தகத்தைக் காட்டச் சொன்னார். நின்றபடியே அந்தப் பத்தியைச் சுருக்கெழுத்தில் தன் நோட்டில் எழுதிக்கொண்டு போனார். இந்தச் சின்னத் தொகைக்கு ஏன் அலைச்சல், விட்டுவிடுங்கள் என்று பக்கத்து மேஜைக்காரர்கள் சொன்னார்கள். அவரும் விட்டுவிடுவார் என்றுதான் நானும் நினைத்தேன்.

அவர் ஒரு வக்கீலைப் பார்த்தார். கல்யாணமாகாத பெண்ணும் தத்தெடுக்கலாம், குழந்தையின் அப்பா கொடுக்க வேண்டும் என்று தெரிந்தது. வீட்டில் அவருடைய அம்மா இரண்டு நாள் பேசவில்லையாம். இப்படி எழுதிக் கொடுத்துவிட்டால் அப்புறம் உன்னை யார் கட்டிக்கொள்வார்கள் என்று வருத்தம். குழந்தையின் அப்பா மறுமணம் செய்துகொண்டு வேளச்சேரியில் இருந்தார். ஸ்டெனோ மூன்று ஞாயிற்றுக்கிழமை அங்கே பஸ் ஏறிப் போனார். முதல் தடவை ஆள் இல்லை. இரண்டாம் தடவை யோசித்துச் சொல்கிறேன் என்றாராம். மூன்றாம் தடவைதான் சம்மதித்தார்.

"அவர் அழுதார் சார். நான் அழலை. மனசு மாறறதுக்குள்ள தேதி வாங்கணும்னு இருந்தது" என்று என்னிடம் சொன்னார்.

பிறகு கேட்டதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. தத்துப் பத்திரத்துக்கு நான் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். நானா என்றேன்.

"நீங்கதானே ரூலைக் காட்டினேள்" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை.

சார்பதிவாளர் அலுவலகத்தில் குழந்தை பள்ளிச் சீருடையோடு பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தது. அப்பாவைப் பார்த்து, தெரிந்த மாமாவைப் பார்ப்பதுபோலச் சிரித்தது. அவர் குனிந்த தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டார். பதிவாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இவங்க யாரும்மா உனக்கு?" என்று கேட்டார்.

"அம்மா" என்றது குழந்தை. உடனே, டிராயிங் பீரியட் ஆரம்பித்துவிடும், போகலாமா என்று கேட்டது. பதிவாளர் சிரித்துவிட்டார். ஸ்டெனோ மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றுதான் அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன்.

பணிப்பதிவேட்டில் குடும்ப விவரப் பக்கத்தில் அந்தப் பெயரை நானே எழுதினேன். பத்திரம் பதிவான தேதியிலிருந்துதான் படி கிடைக்கும், முந்தைய மாதங்களுக்கு வராது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"வேண்டாம் சார். அந்தப் பக்கத்தை மட்டும் ஒரு தரம் காட்டுங்கோ" என்றார்.

பார்த்தார். பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்ததைச் சுட்டிக்காட்டினார். நான் திருத்திச் சூப்பிரண்டிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வரும்வரை அங்கேயே நின்றிருந்தார்.