கரையாத பிள்ளையார்

சிங்கப்பூரில் இருக்கும் என் மகள், இந்த வருடம் சதுர்த்திக்கென்று ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு பிள்ளையாரைக் கொடுத்தனுப்பியிருந்தாள். வெள்ளை நிறம், ஒரு சாண் உயரம். அட்டைப்பெட்டியின் மேல் நீளமாக ஓர் இங்கிலீஷ் வார்த்தை. நான் எட்டாவது வரை படித்தவள். எழுத்து தெரியும், அர்த்தம் தெரியாது. போனில் ஒவ்வோர் எழுத்தாகப் படித்துக் காட்டினேன்.

"அழிக்கவே முடியாதுன்னு அர்த்தம்மா. கீழ விழுந்தாலும் உடையாது, தண்ணியில கரையாது" என்றாள்.

எனக்குத் திக்கென்றது. களிமண் பிள்ளையாருக்கு எருக்கம்பூ மாலை போட்டு, கொழுக்கட்டை படைத்து, மூன்றாம் நாள் காவிரியில் கரைத்தால்தான் எங்கள் வீட்டில் பூஜை முடியும். கரையாதவரை எப்படி வழியனுப்புவது? அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. சின்ன வயதிலிருந்து படித்துறைக்குப் பிள்ளையாரைத் தூக்கிப் போனவள் அவள். இந்த வருடம் லீவு கிடைக்காத ஏக்கத்தில் அனுப்பியிருக்கிறாள்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஆத்துல விட்டுடு. மெதந்து கடலுக்குப் போயி, உன் பொண்ணு வீட்டு வாசல்லயே நிப்பாரு" என்றார்.

அழியாது என்ற அந்த வார்த்தை மனதை விட்டுப் போகவில்லை. சாமி அழியாதவர் என்றுதான் நான் நம்புகிறேன். அப்படியானால் வருடா வருடம் நாம் கரைப்பது எதை? பெட்டியில் எழுதியிருப்பது நிஜமா என்று பார்க்கவும் ஆசை. கன்னத்தில் போட்டுக்கொண்டு, அவரை வாளித் தண்ணீரில் உட்கார வைத்தேன். மறுநாளும் அப்படியே இருந்தார்.

சதுர்த்தியன்று வாய்க்கால் களிமண்ணை எடுத்து வந்து நானே ஒரு பிள்ளையார் பிடித்தேன். தும்பிக்கை கோணிவிட்டது. கண்ணுக்கு இரண்டு குன்றிமணி. மகள் அனுப்பியவரையும் பக்கத்தில் வைத்து இருவருக்கும் சேர்த்தே படைத்தேன்.

மூன்றாம் நாள் படித்துறையில் வீட்டுக்காரர் போனைப் பிடித்துக்கொண்டார். வீடியோவில் மகள், தான் அனுப்பினவர் எங்கே என்று கேட்டாள்.

"வீட்ல இருக்காருடி. அவரு கரைய மாட்டாரே. போனாத்தானே அடுத்த வருஷம் திரும்பி வருவாங்கன்னு சொல்ல முடியும்?"

வீட்டுக்காரர் போனை என் கையிலிருந்த களிமண் பிள்ளையார் பக்கம் திருப்பினார்.

"அந்தக் கோணத் தும்பிக்கையைக் கிட்டக்க காட்டும்மா. பாத்துக்கறேன். அப்பறம் விடு."

காட்டினேன். பிறகு இடுப்பளவு தண்ணீரில் மெல்ல அமிழ்த்தினேன். மண் விரலிடுக்கில் கரைந்து போயிற்று. உள்ளங்கையில் இரண்டு குன்றிமணிகள் நின்றன. அவற்றை முந்தானையில் முடிந்துகொண்டு படியேறினேன்.