வெளிச்சத்தை விழுங்கும் கறுப்பு

நான் வேலை செய்யும் தொழிற்சாலையின் கதவில் ஒரு படம் ஒட்டியிருக்கிறது. முகத்துக்குப் பூசும் கிறீம் குப்பியின் மேல் ஒரு சிவப்புக் கோடு. அதன் கீழே தலைக்கு வைக்கும் எண்ணெய்க்கும் அதே கோடு. விரல் நுனியில் கொஞ்சம் எண்ணெய் இருந்து அது பொருளில் பட்டுவிட்டால், அந்த இடத்தில் பெயின்ற் பிடிக்காமல் அம்மைத் தழும்பு மாதிரிக் குழி விழுந்துவிடும். ஆகவே திங்கள் முதல் வெள்ளி வரை வறண்ட தலையோடு திரிகிறேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டுக்குள் காலை வைத்ததும் முதல் வேலை, உச்சியில் நல்லெண்ணெய் வைத்துத் தேய்ப்பதுதான். ஞாயிறு மாலை அதைச் சீயக்காய் போட்டுக் கழுவி எடுக்க வேண்டும். "நீ சனி ஞாயிறுகளிலதான் தமிழ்ப் பொம்பிளை" என்று என் கணவர் சிரிப்பார். அவர் எனக்குப் பத்து வருடங்கள் முன்பே ஜேர்மனிக்கு வந்து, ஒரு உணவகத்தின் குசினியில் வேலை செய்பவர். 2005 இல் என்னைக் கலியாணம் செய்து அழைத்தார்.

நான் பெயின்ற் அடிப்பது யாரும் பார்க்காத ஒரு பொருளுக்கு. புதிய கார்கள் சிலவற்றின் முன்கண்ணாடிக்குப் பின்னால், தீப்பெட்டி அளவில் ஒரு கமரா இருக்கிறது. அது வீதியின் வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே வரும். சாரதி கண்ணயர்ந்து கோட்டைத் தாண்டினால் சத்தம் போட்டு எழுப்பும். அந்தக் கமராவுக்கு முன்னால் சிறிய கூடாரம் போல ஒரு பிளாஸ்திக் மூடி. அதன் உட்சுவரில் வெயில் பட்டுத் தெறித்துக் கமராவுக்குள் போனால் அதன் கண் கூசிவிடும். ஆகவே அந்தச் சுவர் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாமல் விழுங்கிவிட வேண்டும். அப்படி விழுங்கும் கறுப்பை அடிப்பதுதான் என் தொழில்.

கிளிநொச்சியில் நான் செய்தது இதற்கு நேர் எதிரான வேலை. எங்கள் குடும்பம் முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தது. இடம்பெயர்ந்து விசுவமடுவில் குடியிருந்தோம். 2002 இல் போர்நிறுத்தம் வந்து பாதை திறந்தபோது என் அண்ணன் யூட் ஏ-ஒன்பது வீதிக்கரையில் ஒரு கராஜ் போட்டார். பெயின்ற் அடிக்கப் பிடித்த ஆள் மூன்றாம் மாதமே கொழும்புக்குப் போய்விட்டான். கணக்கெழுத வந்த நான் ஸ்பிறே கன்னைக் கையில் எடுத்தேன். பொம்பிளைப் பிள்ளை பஸ்ஸுக்குப் பெயின்ற் அடிக்கிறாள் என்று சனம் சைக்கிளை நிறுத்திப் பார்க்கும். பளபளப்பு ஒன்றுதான் அங்கே அளவுகோல். நான் அடித்து முடித்த பஸ்ஸின் பக்கத்தில் நின்று கொண்டக்டர் சீப்பால் தலை இழுப்பார்; அவருடைய வகிடு அதில் நேராகத் தெரிந்தால் வேலை சரி என்று அண்ணன் தலையாட்டுவார்.

இங்கே முதல் ஒன்றரை வருடம் பெட்டி அடுக்கினேன். பெயின்ற் பகுதியில் ஆள் குறைந்தபோது, எனக்கு இந்த வேலை தெரியும் என்று கையால் நடித்துக் காட்டினேன். அந்தப் பகுதிக்குப் பொறுப்பான கிராமர் என்பவர் ஒரு பழைய மூடியையும் ஸ்பிறே கன்னையும் தந்தார். அடித்துக் கொடுத்தேன். யன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மட்! மட்!" என்றார். மட்டமான வேலை என்கிறார் என்று எனக்கு முகம் சுருங்கிப்போனது. கன்னைக் கழுவி வைத்துவிட்டுப் பெட்டிகளிடம் திரும்பிப் போனேன். அவர் பின்னாலேயே ஓடிவந்தார். ஜேர்மன் மொழியில் 'மட்' என்றால் பளபளப்பில்லாதது என்று பொருளாம். அவர் என்னைப் பாராட்டியிருக்கிறார்.

ஆறு மாதம் முயற்சிக்காலம், அதன் பிறகே நிரந்தரம் என்று எழுதித்தந்தார்கள். நாலாம் மாதம் பிரச்சினை வந்தது. கார் நிறுவனத்துப் பொறியியலாளர் எங்கள் மூடிகளை இரண்டாம் முறையும் திருப்பி அனுப்பினார். மூன்றாம் முறையும் தவறினால் வேலை வேறொரு நிறுவனத்துக்குப் போய்விடும். எங்கள் பகுதியையே மூடிவிடுவார்கள். பதினொரு பேர் இருந்தோம். கிராமர் ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்த மனிதர். எங்களை இருட்டறைக்குக் கூட்டிப்போய்ப் பிழையைக் காட்டினார். மூடிக்குள் கமரா, எதிரே ஒரு காரின் இலக்கத்தகடு, பக்கவாட்டில் சூரியனுக்குப் பதிலாக ஒரு விளக்கு. விளக்கைப் போட்டதும் திரையில் தகடு மறைந்து, கஞ்சி ஊற்றினது போல வெள்ளை படர்ந்தது. வீதியில் இப்படி ஆனால் கோடு தெரியாது, மனிதரும் தெரியார் என்றார்.

பெயின்ற்றை மாற்றினார்கள். இன்னும் கறுப்பானதை வரவழைத்தார்கள். வெள்ளை குறையவில்லை. இரண்டாம் நாள் மதியம் சாப்பாட்டை வைத்துவிட்டு, ஒரு மூடியை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். நேராகப் பார்த்தால் அட்டக்கரி. மெல்லச் சாய்த்தேன். கண்ணுக்குக் கிடையாக வந்ததும் அந்தக் கரி, நனைந்த தார் றோட்டைப் போல மினுங்கியது. அப்போதுதான் எனக்கு மஜீத் நானாவின் லொறி நினைவுக்கு வந்தது.

முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். மஜீத் நானா இடம்பெயர்ந்து திரும்பி முல்லைத்தீவில் மறுபடி கடை போட்டவர். வவுனியாவிலிருந்து தானே லொறியில் சாமான் ஏற்றி வருவார். அவருடைய லொறியில் எஞ்சினுக்கு மேலுள்ள முன்மூடிக்குக் கறுப்பு அடித்த நாள் கச்சான் காற்று அனலாக வீசியது. கன்னிலிருந்து புறப்பட்ட பெயின்ற் தகட்டில் போய் விழுமுன்பே காற்றில் காய்ந்து, தூளாகப் படிந்துவிட்டது. தொட்டால் மண்தாள் போலச் சொரசொரப்பு. அண்ணனுக்குக் கோபம் தலைக்கேறியது.

"என்னடி செய்து வைச்சிருக்கிறாய்? புழுதி கொட்டின மாதிரிக் கிடக்கு. சுரண்டிப்போட்டுத் திருப்பி அடி!"

மறுநாள் நான் சுரண்டத் தகடு எடுத்தபோது மஜீத் நானா தடுத்தார். அன்று காலை ஒரு அவசரத்துக்குப் புளியங்குளம் வரை ஒருதரம் லொறியை அதே கோலத்தில் ஓட்டிவிட்டு வந்திருந்தார்.

"தங்கச்சி, அதில கை வைக்காதேங்கோ. முந்தி வெயிலுக்கை ஓடேக்கை முன்மூடி மினுங்கி என்ர கண்ணைப் பறிக்கும். இண்டைக்கு ஒரு கூச்சமும் இல்லை. இப்பிடியே விடுங்கோ."

அண்ணன் கடைசிவரை அதை ஏற்கவில்லை. அந்த லொறி எங்கள் கராஜின் மானத்தை வாங்குகிறது என்று சொல்லிக்கொண்டேயிருந்தார்.

யன்னலை விட்டுக் கிராமரிடம் ஓடினேன். வாயில் வந்த ஜேர்மன், "நான் பிழை செய்ய வேண்டும், தயவுசெய்து" என்பதுதான். அவர் களைத்த முகத்தோடு, "பிழை நிறைய இருக்கிறது, இனி வேண்டாம்" என்றார். பேச்சு உதவாது என்று கையைப் பிடித்து இழுத்துப்போகாத குறையாக அழைத்துப்போனேன். கன்னை வழமையைவிட இரண்டு மடங்கு தூரத்தில் பிடித்து, காற்றைக் கூட்டி, பெயின்ற்றைக் குறைத்து அடித்தேன். அவர் பதறிப்போனார். நாற்பது வருடமாக அவர் மற்றவர்களுக்குச் செய்யாதே என்று சொல்லிவந்த வேலை அது. காய்ந்ததும் ஒட்டுநாடாவை ஒட்டி இழுத்தார். தூள் முழுக்க நாடாவோடு வந்தது. இந்தத் தூள் கமராவில் விழுந்தால் கதை முடிந்தது என்று நாடாவை என் முகத்துக்கு நேரே காட்டினார். ஆனால் போய்விடவில்லை, கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

அன்றும் அடுத்த இரண்டு நாட்களும் நாங்கள் இருவரும் அதிலேயே நின்றோம். முதலில் ஈரமாக ஒரு பூச்சு. அது விரலில் ஒட்டும் ஒட்டாது என்ற பதத்துக்கு வந்ததும், தூரத்தில் நின்று பனி தூவுவது போல மூன்று முறை. தூளின் கால் ஈரத்தில் புதைந்து பிடித்துக்கொண்டது. தலை சொரசொரப்பாக நின்றது. சூட்டடுப்பில் வைத்து எடுத்தோம். கிராமர் நாடாவை ஒட்டி இழுத்தார். நாடா வெறும் நாடாவாக வந்தது. மூடியைச் சாய்த்துப் பார்த்தேன். எந்தப் பக்கம் சாய்த்தாலும் அது மினுங்கவில்லை.

பொறியியலாளர் மூன்றாம் சோதனைக்கு நேரில் வந்தார். இருட்டறையில் விளக்கைப் போட்டார். திரையில் இலக்கத்தகடு அப்படியே நின்றது. விளக்கு எரியவில்லையோ என்று அவர் எட்டிப் பார்த்தார், எரிந்துகொண்டுதான் இருந்தது. விளக்கை இன்னும் தாழ்த்தினார், கிட்டக் கொண்டுவந்தார். தகட்டின் கடைசி எழுத்துக்கூட மங்கவில்லை. கிராமர் என் முதுகில் தட்டிய தட்டில் நான் இரண்டடி முன்னால் போனேன். வெளியே நின்றவர்கள் கைதட்டினார்கள். இப்போது எங்கள் சுவரில் தொங்கும் செய்முறைத் தாளில் அந்தக் கடைசி மூன்று தூவல்களுக்கு, என் பெயரைச் சேர்த்து, 'நிர்மலா-நேபல்' என்று பெயர். நேபல் என்றால் மூடுபனி. என் முயற்சிக்காலத்தை அன்றே முடித்து நிரந்தரமாக்கிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனோடு கதைத்தேன். போர் தொடங்கிப் பாதை மறுபடி பூட்டியிருந்த காலம். அவர் கிளிநொச்சியில் தொலைபேசிக் கடையில் வந்து காத்திருந்து என் அழைப்பை எடுக்க வேண்டும். நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"எடியே, நான் சுரண்டச் சொன்னதையோ அவங்கள் சோடிச்சு வைச்சிருக்கிறாங்கள்?"

"ஓம் அண்ணா. என்ர பேரும் வைச்சிருக்கினம்."

"அப்ப நான் உன்னை ஏசினதுக்கும் ஒரு பேர் வைக்கச் சொல்லு" என்றார். பிறகு குரல் தணிந்தது. "கெட்டிக்காரியடி நீ. அண்டைக்கு அந்த வெயிலுக்கை உன்னைப் பேசினது பிழைதான்."

என் அண்ணன் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததை நான் அதுவரை கேட்டதில்லை.

போன வாரம் பொறியியலாளர் சோதனைக் காரில் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். ஏறப் போனபோது நான் ஊர்ப் பழக்கத்தில் இடப்பக்கக் கதவைத் திறந்துவிட்டேன். உள்ளே ஸ்டியரிங் இருந்தது. "நீங்களா ஓட்டப் போகிறீர்கள்?" என்று கேட்டார். சுற்றிவந்து வலப்பக்கம் ஏறினேன். கராஜில் திருத்திய வாகனங்களை ஓட்டிப் பார்த்தபோதெல்லாம் நான் இருந்த பக்கம் அது. இப்போது எனக்கு முன்னால் பிடிக்க ஒன்றுமில்லை, கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். மேற்கே போகும் கிராமத்து வீதி, எதிரே சாயும் வெயில். சின்னத் திரையில் வெள்ளைக் கோடு துளியும் மங்காமல் ஓடியது. அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்; நானும் காட்டினேன், சிரிப்பை அடக்க முடியவில்லை. எதிரே வாகனம் வரும்போதெல்லாம் என் உடம்பு தானாக இடப்பக்கம் ஒதுங்கியது. கார் இந்த நாட்டு வழக்கப்படி வீதியின் வலப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.