இருபத்தேழு வருஷமாக வந்துபோன ஊர்

லாரி ஓட்டுகிறவருக்கு 'அறுபது' என்று பட்டப்பெயர் இருந்தால் என்ன நினைப்பீர்கள்? வயசு என்றுதானே? இல்லை. வயசு ஐம்பத்திரண்டுதான். அவர் வண்டியில் ஸ்பீடோமீட்டர் முள் அறுபதைத் தாண்டி ஒருத்தரும் பார்த்ததில்லை. பின்னால் வருகிறவன் ஹாரனை அழுத்தி அழுத்திக் கை ஓய்ந்து போவான். இவர் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்து, இடது பக்கம் ஒதுங்கி, "போப்பா ராசா, உனக்கு என்ன அவசரமோ" என்று வழி விடுவார். அவ்வளவுதான். இருபத்தேழு வருஷத்தில் ஒரு பெட்டி உடைந்ததில்லை, ஒரு மூட்டை நனைந்ததில்லை. அதனால் கண்ணாடி, பீங்கான், மருந்து என்று பூப்போலக் கொண்டுபோக வேண்டிய சரக்கெல்லாம் "அறுபது வண்டியில ஏத்துப்பா" என்று அவர் தலையில்தான் விழும்.

ஓடுவது ஒரே பாதை. சொந்த ஊரிலிருந்து அந்தப் பெரிய நகரத்துக்கு ஐந்நூற்று நாற்பது கிலோமீட்டர். வாரத்துக்கு இரண்டு நடை. எந்த மேட்டில் கியர் இறக்க வேண்டும், எந்தப் பாலத்தின் இணைப்பில் வண்டி துள்ளும், எந்த டீக்கடைக்காரர் நேற்றைய பாலை இன்றைக்குத் தள்ளிவிடுவார் என்பதெல்லாம் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. ஆனால் அந்த நகரம் தெரியுமா என்று கேளுங்கள். அங்கேதான் கதையே இருக்கிறது.

பகலில் கனமான வண்டி எதுவும் நகரத்துக்குள் நுழையக் கூடாது என்பது அங்கே சட்டம். அதனால் சரக்கு கம்பெனிக்காரர்கள் எல்லாரும் நகரத்துக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர் முன்னாலேயே, வரிசையாகத் தகரக் கொட்டகை போட்டு, அதற்கு யார்டு என்று பெயர் வைத்திருந்தார்கள். அறுபதின் லாரி காலை ஆறு மணிக்கு அங்கே போய் நிற்கும். எடை மேடையில் ஏறி இறங்கும். தார்ப்பாய் அவிழ்ப்பார்கள். லோடுமேன்கள் சரக்கை இறக்கிச் சின்ன வேன்களில் மாற்றுவார்கள். நகரத்துக்குள் போவது அந்த வேன்கள். இவருடைய லாரிக்கு அங்கேயே அடுத்த சரக்கு ஏறும். சாயங்காலம் ஐந்து மணிக்குத் திரும்பிப் புறப்பாடு.

'நடுவில் நாள் பூரா இருக்கிறதே, ஒரு பஸ் பிடித்துப் போய் ஊரைப் பார்த்திருக்கலாமே' என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கடைசிப் பெட்டி இறங்கி, எண்ணிக்கை சரி என்று சீல் குத்தித் தரும் வரை டிரைவர் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. அதற்கே மத்தியானம் ஆகிவிடும். அப்புறம் லாரியின் அடியில், சக்கரத்துக்குப் பக்கத்தில் துண்டை விரித்துத் தூங்காவிட்டால், திரும்பும்போது ஸ்டீயரிங் மேலேயே தூங்க வேண்டியதுதான். இப்படியே ஒரு வருஷம், இரண்டு வருஷம், பத்து வருஷம். ஆக, அவர் அந்த நகரத்தில் கண்டதெல்லாம் ஒரு மதில் சுவர், ஒரு எடை மேடை, இரண்டு குழாய், ஒரு வேப்பமரம்.

இதை வீட்டில் உள்ளபடி சொல்லியிருந்தால் வம்பே இல்லை. சொல்லவில்லையே மனுஷன்!

முதல் நடை போய்த் திரும்பியபோது அவருக்குக் கல்யாணமாகி மூன்று மாசம். வண்டியை விட்டு இறங்கி வீட்டுக்குள் காலை வைத்ததும், புதுப் பெண்டாட்டி சொம்புத் தண்ணியை நீட்டிக்கொண்டே, "ஊர் எப்படிங்க இருக்கு?" என்று கண்ணை அகல விரித்துக் கேட்டாள். மதில் சுவரைப் பார்த்துவிட்டு வந்தேன் என்று அந்தக் கண்ணுக்கு எப்படிச் சொல்வது? யார்டு கிளார்க் நகரத்துக்காரர்; வேலைக்கு நடுவே ஊர்ப் பெருமை பேசிக்கொண்டே இருப்பார். அவர் சொன்னதில் ஒன்றை எடுத்து அறுபது அவிழ்த்துவிட்டார். "நடு ஊர்ல ஆறு ஓடுது. அதுக்கு மேல ஒரு பாலம் பாரு, எதிர்க்கரை கண்ணுக்கே தெரியாது."

அவ்வளவுதான், வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். அடுத்த நடையில் நகரும் படிக்கட்டு வந்தது. அதற்கடுத்து ஆற்றங்கரைக் கடைவீதி, மிருகக்காட்சி சாலை, மணிக்கூண்டு. மகள் பிறந்து, சாப்பிட அடம்பிடிக்கிற வயசு வந்ததும் கதை இன்னும் களை கட்டியது. "அப்பா, பாலத்துல ரயிலும் போகுமா?" "பின்ன? கீழ ரயில், மேல கார்." ஒரு கதைக்கு நாலு வாய் சோறு இறங்கும். ஒருமுறை பக்கத்து வீட்டுத் தையல்காரர் குடும்பத்தோடு அந்த நகரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, "மியூசியம் அஞ்சு மணிக்கெல்லாம் மூடிட்டாங்க" என்றார். "அஞ்சா? ஆறுங்க. நீங்க பின்வாசல்ல போய் நின்னிருப்பீங்க" என்று நம்ம ஆள் அடித்தார் பாருங்கள் ஒரு அடி! போய்விட்டு வந்தவர் போகாதவரிடம் வாயடைத்து நின்றார்.

கதை அளந்ததெல்லாம் யாருக்கும் பாதகமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது, மகள் படிப்பை முடிக்கும் வரை.

ஆஸ்பத்திரி லேப் வேலைக்குப் படித்த பெண். இரண்டு இடத்தில் வேலை கிடைத்தது. ஒன்று உள்ளூரில், வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். இன்னொன்று அந்த நகரத்தில், பெரிய ஆஸ்பத்திரியில். அவள் நகரம்தான் என்றாள். அம்மாக்காரி குதித்தாள். "வயசுப் பொண்ணைத் தனியா விட்டுட்டு நான் இங்க வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு உட்காரணுமா?"

"தனியா எங்கம்மா? வாரத்துக்கு ரெண்டு நாள் அப்பா அங்கதானே இருக்காரு. வந்து என்னோட சாப்பிட்டுட்டுப் போவாரு. இல்லப்பா?"

இரண்டு பேரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். அவர் தலையை ஆட்டினார். அந்த ஒரு தலையாட்டலை நம்பித்தான் அம்மாக்காரி சரி என்றாள். அதற்கப்புறம் பத்து நாள் அறுபதுக்குச் சோறு இறங்கவில்லை. சொல்லிவிடலாம் என்று உள்ளே வருவார். மகள் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டு ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருப்பாள். மென்று முழுங்கிவிட்டு வெளியே போய்விடுவார்.

வேலையில் சேரும் நாளுக்கு மூன்று பேருமாகப் பஸ்ஸில் புறப்பட்டார்கள். தன் பாதையில் அவர் பயணியாகப் போவது அதுதான் முதல் தடவை. வழியெல்லாம் இல்லாத பிரேக்கை வலது காலால் அழுத்திக்கொண்டே வந்தார். விடிந்து வெளிச்சம் வந்தபோது ஜன்னலில் யார்டு தெரிந்தது. மதில், எடை மேடை, வேப்பமரம். பஸ் நிற்காமல் அதைத் தாண்டிப் போய், ஒரு வளைவில் திரும்பியது. அதற்கு அப்புறம் இருக்கிற ரோடு அவருக்குப் புதுசு.

"பாலம் எந்தப் பக்கம்ங்க வரும்?" என்றாள் மனைவி, ஜன்னல் பக்கம் சாய்ந்துகொண்டு.

"வரும், வரும்" என்றார்.

எட்டு மணிக்குப் பஸ் நிலையத்தில் இறங்கினார்கள். பத்து மணிக்குள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். "வழி உங்களுக்குத் தெரியும்ல?" என்று மகள் பையைத் தூக்கிக்கொண்டாள். கூட்டம் எந்தப் பக்கம் போனதோ அந்தப் பக்கம் இவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். பெண்கள் இருவரும் பின்னால் ஓடினார்கள். ஒரு மார்க்கெட், ஒரு சந்து, இன்னொரு சந்து. முக்கால் மணி நேர நடைக்கு அப்புறம் பழைய டயர் குவித்திருந்த ஒரு முட்டுச்சந்தில் வழி முடிந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அப்பா, இது என்ன இடம்?"

இனி எதைச் சொல்லிப் பூசி மெழுகுவது? பெட்டியைக் கீழே வைத்தார். "தெரியலம்மா. நான் இந்த ஊருக்குள்ள வந்ததே இல்ல."

மனைவிக்கு முதலில் புரியவே இல்லை. "என்ன உளர்றீங்க?"

"யார்டு வரைக்கும்தான் வருவேன். காலையில பஸ்ல பார்த்தோமே, தகரக் கொட்டகை, அதோட சரி."

"அப்போ அந்தப் பாலம்?"

"கிளார்க் சொன்னது."

"நகர்ற படிக்கட்டு?"

"அதுவும் அவர்தான்."

"ஆத்தங்கரைக் கடையில பேரம் பேசி வாங்கினேன்னு இந்தக் கைப்பையைக் கொண்டுவந்து கொடுத்தீங்களே?"

"யார்டு வாசல்ல தள்ளுவண்டி வரும்..."

"அடப்பாவி மனுஷா!" தோளில் இருந்த கைப்பையை இழுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டாள் அவள். "இருபத்தேழு வருஷமா எங்க காதுல பூ சுத்தினது போதாதுன்னு, இவளை இதை நம்பி இங்க கொண்டுவந்து நிறுத்தியிருக்கீங்களே, நீங்கள்லாம் ஒரு தகப்பனா?"

மகள் கீழே இருந்த பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அவளே போய் டயர்க் கடைக்காரரிடம் வழி கேட்டாள். அவளே ஆட்டோவை நிறுத்தினாள். ஆட்டோவில் தெரு தெருவாக ஊர் ஓடி மறைந்தது. மூன்று பேரில் ஒருத்தரும் வெளியே பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரி ஆபீஸ் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தபோது மணி பத்தாகப் பத்து நிமிஷம் இருந்தது. மகள் கையில் நாலு பக்கத்துக்கு, வேலையில் சேருவதற்கான படிவம். அதை நிரப்பிக் கையெழுத்துப் போட்டு உள்ளே கொடுத்தால் வேலை. கொடுக்காமல் எழுந்து போனால், உள்ளூர் வேலைக்கு நாளை வரை தவணை இருக்கிறது.

"எழுந்திருடி, நம்ம ஊருக்கே போயிடலாம்" என்றாள் அம்மா. "இங்க உனக்குன்னு ஒரு நாதி கிடையாது."

அறுபது தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அம்மா சொல்றது சரிதான். என்னை நம்பி நீ சேராதம்மா. நான் சொன்ன ஊரும் பொய், வாரத்துக்கு ரெண்டு நாள் வந்து பார்ப்பேன்னதும் பொய். எனக்கு உன் முகத்தைப் பார்க்கவே வெட்கமா இருக்கு."

"ஏம்ப்பா பொய் சொன்னீங்க?"

"வேற என்ன சொல்லச் சொல்ற? உங்கம்மா ஆசையாக் கேட்டா. அப்புறம் நீ கேட்ட. என்கிட்ட கொடுக்கிறதுக்கு ஒரு மதில் சுவர்தான் இருந்துச்சு."

மனைவி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். கோபம் போகவில்லை, ஆனால் அதற்குமேல் திட்ட வாய் வரவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் என்று இருபத்தேழு வருஷத்தையும் கூட்டினால் ஏழு வருஷத்துக்கு மேல் வரும். ஏழு வருஷம் இந்த மனுஷன் இந்த ஊர் வாசலில் வந்து படுத்து எழுந்து போயிருக்கிறார். உள்ளே கூப்பிட ஒருத்தரில்லை. அந்தக் கணக்கு அறுபதுக்கே அன்றைக்குத்தான் உறைத்தது.

மகள் பேனா மூடியைக் கழற்றினாள். மாட்டினாள். மறுபடி கழற்றினாள்.

"யார்டுல எத்தனை மணி வரைக்கும் இருப்பீங்க?"

"செவ்வாய், வெள்ளி. காலையில ஆறுலேருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும்."

"மத்தியானம் எங்க சாப்பிடுவீங்க?"

"வண்டி நிழல்ல உட்கார்ந்து சாப்பிட்டுக்குவேன்."

"யார்கூட?"

அவர் துண்டை உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். அவள் குனிந்து எழுத ஆரம்பித்தாள். பெயர், படிப்பு, பிறந்த தேதி. மூன்றாம் பக்கத்தில், 'அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டிய உள்ளூர் ஆள்' என்று இருந்த இடத்தில் நின்று, "அந்த யார்டு அட்ரஸ் சொல்லுங்கப்பா" என்றாள். ஒவ்வொரு நடையும் சரக்குச் சீட்டில் பார்த்த விலாசம். கொட்டகை எண்ணிலிருந்து பின்கோடு வரை தட்டுத் தடங்கல் இல்லாமல் சொன்னார். அவள் எழுதி முடித்துக் கையெழுத்தும் போட்டுவிட்டாள். அம்மாக்காரி வாயைத் திறந்தாள். மகள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

மூன்று பேரும் உள்ளே போனார்கள். மேஜைக்குப் பின்னால் இருந்த ஆபீஸ் அம்மாள், கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். மூன்றாம் பக்கத்தில் நிறுத்தினார்.

"உள்ளூர் ஆள் உங்க அப்பாதானா? எத்தனை வருஷமா இந்த ஊர்ல?"

அறுபது ஒரு அடி முன்னால் வந்தார். "இருபத்தேழு வருஷமா... வந்துட்டுப் போறேங்க."

"அப்போ பொண்ணுக்கு என்ன கவலை, ஊர் பூராவும் நீங்களே சுத்திக் காட்டிடுவீங்க!"

மனைவி அவரை ஓரக்கண்ணால் பார்த்தாள். அதற்குள் மகள், சான்றிதழ்களை அடுக்கி நீட்டிக்கொண்டே சொன்னாள்:

"இல்லங்க மேடம். வார லீவை வெள்ளிக்கிழமையாப் போட்டுக் கொடுங்க. நான்தான் அவருக்குச் சுத்திக் காட்டணும்."

அந்த ஆபீஸ் அம்மாள் வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்துவிட்டு, படிவத்தில் சீல் குத்தினார். அறுபது சிரிக்கவில்லை. அத்தனை பேர் நடமாடுகிற ஆபீஸில், மேல் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்று அழுதார்.