நாலு விரற்கடை

கோட்டைக்குப்பத்துக் கலைவாணிக்கு வானத்தின் மேல் ஆசை வந்தபோது அவளுக்கு வயது முப்பத்தெட்டு. அதுவரை அவள் வானத்தை நிமிர்ந்து பார்த்ததெல்லாம் மழை வருமா, காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரிந்துகொள்ளத்தான். அந்த வயதில் ஆசை வந்தால் சும்மா வராது, ஆளை ஒரு வழி பண்ணிவிட்டுத்தான் போகும்.

ஊரை ஒட்டிய ஏரியின் மேற்குக் கரையில், பயிர் விட்டுப்போன ஒரு பெரிய பொட்டலில் சென்னைக்காரர்கள் பாராசூட் முகாம் போட்டார்கள். தை, மாசி, பங்குனி என்று மூன்று மாதம் நடக்கும். எதிர்க்கரைத் தீவிலிருந்து ராக்கெட் விடுகிற நாட்களில் மட்டும் விமானம் எழும்பாது. குதிப்பவர்கள் தப்பித்தவறி ஏரியில் விழுந்தால் தூக்கிவர ஒரு படகு வேண்டும் என்று அவள் புருஷன் தேசப்பனைக் கூப்பிட்டார்கள். பாராசூட் மடிக்க, நைலான் பழகிய கை வேண்டும் என்று அவளையும் கூப்பிட்டார்கள். அவள் நைனாவுக்கு ஆண்பிள்ளை இல்லாததால் வலை கட்டுகிற வேலை சின்ன வயதிலேயே அவள் கைக்கு வந்துவிட்டது. குப்பத்தில் அவள் முடிச்சுக்கு ஒரு பேர் உண்டு.

"நல்லா இருக்கிற ஏரோப்ளேன்ல இருந்து எதுக்குக் குதிக்கிறானுங்க?" என்று தேசப்பன் முதல் நாள் முழுக்கச் சிரித்தான். "அது இன்னா ஓட்டையா கீது?"

அவள் சிரிக்கவில்லை. தலைக்கு மேலே ஒரு புள்ளி தோன்றி, புள்ளி விரிந்து, மஞ்சளாக ஒரு துணி காற்றைக் குடித்துக்கொண்டு மெல்ல மெல்ல இறங்கியது. அன்றிலிருந்து அவள் தூக்கத்தில் ஏரிக்கு மேல் மிதக்க ஆரம்பித்தாள். கனவில் கீழே தண்ணீர் தெரியும், ஆனால் கரை தெரியாது. முப்பத்தெட்டு வருஷம் அந்தத் தண்ணீரிலேயே கிடந்தவள், ஏரியை முழுசாக ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. படகில் உட்கார்ந்தால் கண்ணுக்கு எட்டுவது ஒரு துண்டுதான். ஏரியும் கடலும் சேருகிற முகத்துவாரத்தை மேலேயிருந்து ஒரே ஒரு முறை பார்த்துவிட்டால் போதும் என்று இருந்தது. மீன் ஏறி வருகிற அந்த வழியை மணல் மூடினால் ஊர் பட்டினி, திறந்தால் ஊருக்குச் சோறு; அப்படிப்பட்ட இடத்தைப் பார்க்க ஆசைப்படுவது தப்பா?

முகாமில் ஒரு வழக்கம் இருந்தது. பருவம் முழுக்கப் பிழையில்லாமல் மடித்தவர்களைக் கடைசி நாளில் சாலமன் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குதிப்பார். சாலமன் எண்ணூர்க்காரர், முன்னாள் பட்டாளத்து ஆள், அங்கே எல்லோருடைய உயிருக்கும் அவர்தான் பொறுப்பு. முதுகுப் பையில் இரண்டு பாராசூட் இருக்கும். முதலாவதைக் கலைவாணி மடிக்கலாம். அது ஏமாற்றினால் திறக்கிற இரண்டாவதை சாலமன் மட்டும்தான் தொடுவார், மடித்து முத்திரை வைப்பார். ஏரியில் நனைந்த பாராசூட்டை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தச் சொன்னார். மணலில் விரித்துக் காயவைக்கப் போனவளைப் பார்த்து, "வலைனா சரி, இது உசுரு. வெயில் நைலானைத் தின்னுடும்மா" என்றார். அது அவளுக்கும் தெரிந்ததுதான். வலை போனால் வேறு வலை என்கிற பழக்கம், அவ்வளவுதான்.

அந்த வருஷம் பூபதி என்று ஒரு பையன்போல இருக்கிற பெரிய மனிதர் வந்தார். வயது நாற்பது, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, உடம்பு தாராளம், இதற்கு முன் குதித்தது பதினொரு முறை. வந்ததும் சிவப்பாக, சின்னதாக ஒரு பாராசூட்டைத் தடவிப் பார்த்து, "இதுதான் வேணும், பறக்குமாமே" என்றார்.

"பறக்கும். தரையும் உங்களப் பாத்துப் பறந்து வரும்" என்றார் சாலமன். "சின்னத் துணி வேகமா எறங்கும், தொட்டாலே திரும்பும். உங்க எடைக்கும் பதினோரு குதிப்புக்கும் பெருசுதான். எரநூறு குதிச்சுட்டு வாங்க, அப்ப பேசலாம்."

பூபதி முகம் சுருங்கியது. சாலமன் அதற்கெல்லாம் மசிகிறவர் இல்லை. தலைக்கவசம் தலையை இறுக்கிப் பிடிக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தார். மணிக்கட்டில் உயரம் காட்டும் கடிகாரத்தைக் கட்டினார். மயங்கிப்போனாலும் தானே இரண்டாவது பாராசூட்டைத் திறந்துவிடும் கருவி உயிரோடு இருக்கிறதா என்று பார்த்தார். பக்கத்தில் தண்ணீர் இருப்பதால் மிதவைச் சட்டை கட்டாயம். "தொறந்ததும் ஏரிய வேடிக்க பாக்காதீங்க. மேல பாருங்க. சதுரமா இருக்கா, நேரா போவுதா, ரெண்டு கையும் சொன்னபடி கேக்குதா? இல்லன்னா ரெண்டாயிரத்தி ஐநூறு அடிக்கு மேலயே முடிவெடுத்து அறுத்து வுட்டுட்டு அடுத்தத இழுக்கணும். கீழ வந்துட்டு யோசிக்கக் கூடாது."

மாசிக் கடைசி வாரம், ஒரு காலை. கடலிலிருந்து கொண்டல் காற்று எழும்புவதற்குள் குதித்து முடிக்க வேண்டும் என்று எல்லோரும் பரபரத்தார்கள். பூபதியின் பாராசூட்டைக் கலைவாணி மடித்துக்கொண்டிருந்தாள். இடது கைப்பிடியோடு சேர்கிற கயிற்றில், அதாவது பாராசூட்டைத் திருப்புகிற கயிற்றில், விரல் ஓடும்போது ஓரிடத்தில் நார் பிசிறியிருந்தது. பாதிக் கயிறு தேய்ந்தே போயிருந்தது.

குப்பத்தில், கண்ணில் பட்ட கிழிசலைக் கட்டாமல் கையை எடுப்பது பெரிய குற்றம். கட்டியதை வலைக்காரனிடம் சொல்லிக்காட்டுவது அதைவிடப் பெரிய குற்றம். நன்றியைக் கேட்டு வாங்குகிற மாதிரி ஆகிவிடும். அவள் மூளை யோசிப்பதற்குள் கை வேலையை முடித்துவிட்டது. தேய்ந்ததை வெட்டி, நைனா கற்றுக்கொடுத்த முடிச்சைப் போட்டு, பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தாள். யானையைக் கட்டினாலும் அறாது. மடித்துப் பையில் வைத்தாள், பையைப் பூபதி மாட்டிக்கொண்டு போனார்.

விமானம் கிளம்பியது. அவள் டீ டம்ளரோடு கரைக்கு வந்தாள். தேசப்பன் படகில் உட்கார்ந்து வலையைப் பிரித்தபடி யாரையோ திட்டிக்கொண்டிருந்தான்.

"எவன் கட்டுனான்னு தெர்ல. கட்டு இன்னாவோ சோக்காதான் கீது. ஆனா நாலு விரக்கட கொறச்சுக் கட்டிக்கிறான். வலையே ஒரு பக்கமா இழுத்துனு போவுது பாரு."

டம்ளர் அவள் கையிலிருந்து நழுவியது. வெட்டியது எவ்வளவு, முடிச்சு தின்றது எவ்வளவு? நாலு விரற்கடை. இடது கயிறு குட்டை, வலது கயிறு நெட்டை. வலை ஒரு பக்கம் இழுத்தால் மீன் தப்பும். இது இழுத்தால்?

பொட்டலைக் குறுக்காக ஓடினாள். ஓடும்போதே அவளுக்குத் தெரிந்தது, வாயைத் திறந்தால் பங்குனிக் கடைசியில் வானம் இல்லை. வாயை மூடினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த ஆள் எப்படியாவது இறங்கிவிடலாம், இறங்காமலும் போகலாம். விமானச் சத்தம் ரொம்ப உயரத்தில் கொசுபோல் கேட்டது.

"சார், பூபதி சாரக் குதிக்க வுடாதீங்க! நான் கயித்தக் கட்டிட்டேன்!"

சாலமன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வாக்கிடாக்கியில், "யாரும் குதிக்க வேணாம். எல்லாரும் எறங்குங்க" என்றார். சத்தம் வட்டமடித்து, வட்டமடித்து, கீழே வந்து சேர்கிற வரை கலைவாணி மணலில் உட்கார்ந்திருந்தாள்.

சாலமன் பாராசூட்டைப் பிரித்து இரண்டு கயிறுகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். முடிச்சை இழுத்தார், அது அசையவில்லை. "நல்ல கட்டு" என்றார். "ஆனா இந்த வளையத்துக்குள்ள கயிறு ஓடணும். கட்டு இங்க சிக்கினா அந்தப் பக்கமே சுத்திக்கினு வந்து தரையில அடிக்கும். இங்க கெட்டதக் கட்டக் கூடாதும்மா. காட்டணும்."

முகாம் முதலாளி, விமானம் வெறுமனே போய்வந்ததற்குக் குதி குதி என்று குதித்தார், பாராசூட் இல்லாமலே. கடைசி நாள் பட்டியலில் கலைவாணியின் பெயரை அடித்தார். அவள் அழுதாள், மறைத்தெல்லாம் அழவில்லை, எல்லோர் முன்னாலும்தான். பூபதி தலைக்கவசத்தைக் கழற்றாமலே நின்றிருந்தார். பிறகு சாலமனிடம், "நாளைக்கு என்னோடத யார் மடிக்கிறது?" என்று கேட்டார்.

"யார் வேணும்?"

"இந்த அக்காதான். தப்புப் பண்ணா ஓடி வந்து சொல்றவங்க வேற யார் இருக்காங்கனு எனக்குத் தெரியாது."

அன்று சாயங்காலமே சாலமன் அவளிடம் ஒரு கட்டு சிவப்பு ரிப்பன் கொடுத்தார். பழுது கண்ணில் பட்டால் அந்த இடத்தில் ரிப்பனைக் கட்டித் தனியாக வைக்க வேண்டும், அவரிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கட்டாமல் கையை எடுக்க அவளுக்கு ரிப்பன் ரொம்ப ஒத்தாசையாக இருந்தது. எதையாவது கட்டினோம் என்று கைக்கு ஒரு திருப்தி.

அடுத்த பங்குனியில் அவள் பெயரை யாரும் அடிக்கவில்லை.

விமானக் கதவு திறந்தபோது காற்று அவளை முகத்தில் அறைந்தது. முதுகில் சாலமன், வார்கள் தொடையிலும் தோளிலும் இறுக்கம். விழுந்தது அவளுக்கு விழுந்த மாதிரியே இல்லை. காற்று மெத்தையாக நெஞ்சில் படுத்துக்கொண்டது. பிறகு ஒரே இழுப்பு, அப்புறம் அப்படி ஓர் அமைதி, கனவில்கூட அவள் கேட்டிராத அமைதி.

அவள் மேலே பார்த்தாள். இடது கயிறு. வலது கயிறு. மறுபடியும் இடது. ஒரு வருஷம் காத்திருந்து வானத்துக்கு வந்தவள், கயிறுகளை மட்டும் எண்ணிக்கொண்டு தொங்கினாள்.

"ரெண்டும் சரியாத்தாம்மா இருக்கு" என்றார் சாலமன் காதருகே. "இப்ப கீழ பாரு."

பார்த்தாள். ஏரி முழுசாக இருந்தது. வெள்ளி, பச்சை, ஓரத்தில் சேற்று நிறம், நடுவில் வெள்ளைப் பொட்டுகளாக நாரைகள். அந்தப் பக்கம் கடல், இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு மணல். கோடு ஓரிடத்தில் விட்டிருந்தது. நீலம் பச்சைக்குள் நுழைகிற அந்த இடத்தை, கையை நீட்டி ஒரு கண்ணை மூடி விரலால் அளந்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கீழே போகாமல் மேலே போனது.

பொட்டலில் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தபடியே இறங்கினாள். தேசப்பன் படகை விட்டுவிட்டு ஓடி வந்தான். கிண்டல் செய்யலாம் என்று நினைத்துத்தான் வந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது.

"மொகத்துவாரம் தெறந்து கீதா?"

"கீது."

"எவ்ளோ?"

அவள் விரல்களைச் சேர்த்துக் காட்டினாள். "நாலு விரக்கட."

"அவ்ளோதானா?"

"அவ்ளோலதான்யா நாம எல்லாம் பொழைக்கிறோம்" என்றாள் கலைவாணி.