செல்வி அக்கா பேர் இருந்த வரி

நெட்ல இருக்கிற சினிமா குரூப்பில் பதில் சொல்ற சோலிக்குக் கிடைக்கிற கூலி பேர் ஒண்ணுதான், அதையும் வேற ஆள் வாங்கிட்டுப் போயிருவான். மடியில் பூண்டு உரிச்சுக்கிட்டே போன்ல பேசுறேன், அதுவே எழுதிக்கிடுது. அஞ்சாவதோட நின்ன எனக்கு அதுதான் தோது. பதில் போட்டு வாங்கிக் கட்டிக்கிட்டவங்களுக்கு நான் சொல்றது விளங்கும்.

ஆதாரம்

ஒரு பழைய படத்தில் ஜீப்பு உருண்டு விழுற காட்சி எந்த மலைன்னு ஒருத்தர் கேட்டார். ஊட்டி, கொடைக்கானல்னு ஆளாளுக்கு அடிச்சு விட்டாங்க. அது எங்க குரங்கணி ரோடு. போடி ஏலக்காய் குடோனில் என் பக்கத்தில் காய் பொறுக்குற செல்வி அக்கா, அந்தக் காட்சியில் விறகுக்கட்டோட போறவங்க. முகம் தெரியாது, முதுகுதான். கூச்சத்தில் மூணு தடவை அழிச்சு நாலு வரி போட்டேன். கடைசி வரி, 'சொன்னது செல்வி அக்கா, விறகு சுமக்கிறது அவங்கதான்.' அக்காகிட்ட காட்டினேன். குடோன் முழுக்கச் சொல்லிட்டாங்க.

சாயங்காலமே அட்மின் அந்த வரியை எடுக்கச் சொன்னார், இல்லேன்னா பதிலையே தூக்கிருவாராம். பயந்து எடுத்துட்டேன். அவர் சொன்னது: "அக்கா சொன்னா, ஆயா சொன்னா எல்லாம் ஆதாரம் இல்லைங்க. லிங்க் இருந்தா போடுங்க."

மூணாவது வளைவு

சினிமா வீடியோ போடுற ஒருத்தர் என் பதிலை அப்படியே வாசிச்சிருந்தார். ஜீப்பு உருண்ட நாலாவது வளைவை நான் தப்பா மூணாவதுன்னு எழுதினதையும் சேர்த்து. என் பேர் வேணாம், செல்வி அக்கா பேரையாவது சொல்லுங்கண்ணேன்னு கேட்டேன்.

"நெட்ல கிடக்கிறது எல்லாருக்கும் பொதுதான் சிஸ்டர்."

திருடி

குரூப்பில் இன்னொருத்தர் அதே கேள்வியோட வந்தார். வளைவைக்கூடத் திருத்தாம பழைய பதிலையே ஒட்டினேன், அக்கா பேரை மறுபடி சேர்த்து. அட்மின் அந்த வீடியோவைக் கொண்டாந்து பக்கத்தில் வச்சார். வளைவு வரைக்கும் ஒத்துப்போகுதாம். என்னோடதுதான் முந்தினதுன்னு தேடி எடுக்கிறதுக்குள்ள என்னைக் குரூப்பை விட்டே தூக்கிட்டாங்க. அட்மின் கடைசியாப் போட்டது:

"அந்த அண்ணன் உழைச்சு எடுத்ததை அவர் பேர் போடாம எழுதுறதுக்குப் பேரு திருட்டும்மா."

குடோனில்

மறுநாளுக்குள்ள அந்த வீடியோவைக் குடோனில் எல்லாரும் பார்த்திருந்தாங்க. அக்கா பேர் எங்கேயும் இல்லை. முதுகு நடிகை வந்துட்டாங்கன்னு பொம்பளைக சிரிச்சாங்க. நான் குரூப்பையும் வீடியோக்காரனையும் ஏசித் தீர்த்தேன். அக்கா காய்த் தட்டை விட்டுக் கண்ணை எடுக்கல. அந்த வரியை எடுத்தது யாருன்னு மட்டும் கேட்டாங்க. நான்தான்னேன். தட்டைத் தூக்கிட்டு அடுத்த வரிசைக்குப் போயிட்டாங்க. போறப்ப சொன்னது:

"அவன் யாரோ எவனோ. என்னைய உனக்குத் தெரியும்ல ஆத்தா."

கூட்டிக் கழிச்சுப் பார்த்தா, இந்தச் சோலியில் முதல் திருட்டுப் பண்ணினது — இருங்க, பிள்ளை முழிச்சிருச்சுன்னு அத்தை கூப்பிடுறாங்க, நான் போயி