பாதிக் கிணறு

போர் போடும் தொழிலில் தண்ணீர் வந்தால் சாமி கொடுத்தது, வராவிட்டால் வண்டிக்காரன் கெடுத்தது. இந்த ஏச்சை வாங்கித் தழும்பேறிய சக வண்டிக்காரர்களே, இத்தனை வருஷத்தில் எனக்கு மனசு விட்டுப்போனது புதுச்சத்திரம் பக்கத்தில் ஒரே காட்டில்தான்.

தேங்காய் எழுந்த இடம்

சின்னச்சாமி அண்ணனுக்கும், இறந்துபோன அவர் தம்பியின் மனைவி பழனியம்மாளுக்கும் ஒரு பங்குக் கிணறு. ஆளுக்கு மூன்று நாள் முறை வைத்து மோட்டார் போடுவார்கள். அண்ணன் தன் காட்டில் போர் போட எங்களைக் கூப்பிட்டார். நீரோட்டம் பார்த்தவர் கையில் தேங்காய் எழுந்து நின்ற இடம், கிணற்றிலிருந்து இருபதே அடி. அங்கே போட்டால் கிணறு வற்றிவிடும் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் தள்ளிப் போடலாமே என்று இழுத்தேன்.

“என்ற காட்டுல நான் குழி போடறதுக்கு ஆரைக் கேக்கோணும்? நீ வண்டியை நிறுத்து சாமி.”

கல்மாவு

எண்ணூறு அடியில் அவருக்குத் தண்ணீர் பீய்ச்சியது. வெட்கமில்லாமல் நானும் கைதட்டினேன். அடுத்த கோடையில் கிணறு வற்றியது. பழனியம்மாள் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். சின்னச்சாமி தன் பட்டா நிலத்தில் போட்டிருக்கிறார், நாங்கள் என்ன செய்ய என்று அனுப்பிவிட்டார்கள்.

கடைசியில் தன் காட்டில் போர் போட அவரும் என்னையே கூப்பிட்டார். எந்த முகத்தோடு மறுப்பது? போனேன். ஆயிரம் அடி இறக்கியும் வெறும் கல்மாவுதான் பறந்தது. அந்தப் பக்கம் அவருடைய மாடு இரண்டும் காலித் தொட்டியை நக்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு பைப் இறங்கும்போதும் அவர் மாவை அள்ளி அள்ளிப் பார்த்தார். கை வியர்வையில் அது ஒட்டிக்கொண்டது.

“ஏனுங்க, இது கொஞ்சம் ஈரமாட்ட இருக்குதுங்களே?”

பங்கு

இந்த வருஷம் அண்ணன் போரிலும் காற்றுதான் வருகிறது. இன்னும் ஆழமாக இறக்கச் சொன்னார். போனபோது பழனியம்மாள் வீட்டில் மாடுகள் இல்லை. சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார், பள்ளிபாளையத்தில் தறி ஓட்டப் போகிறாராம். பத்திரத்தை வைத்து ஒரு கேஸாவது போட்டிருக்கலாமே என்று உளறிவைத்தேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை.

“பத்திரத்துல பாதிக் கெணறு என்னுதுங்க. எட்டிப் பாருங்க, என்ற பாதிய ஆரும் எடுக்கல. அப்படியேதான் இருக்குது.”

அவரவர் பூமிக்கு அவரவர் ராஜா என்கிறது பட்டா. எல்லாருக்கும் அடியில் இருப்பது ஒரே தண்ணீர் என்று தெரிந்த நானோ, அன்றைக்கும் அண்ணனுக்கு முந்நூறு அடி கூடுதலாக இறக்கிக் கொடுத்துவிட்டுத்தான் வண்டியைக் கிளப்பினேன்.