மனைவியின் தங்க அட்டையும் சம்பந்தியம்மாளின் புளியோதரையும்

பிறை சூடிய பெருமானின் திருவடிகளை வணங்கித் தொடங்குகிறேன். சென்ற தை மாதம், வளர்பிறைப் பிரதோஷ நாள். அன்று மாலை சென்னை விமான நிலையத்தில், லவுஞ்ச் என்று அவர்கள் அழைக்கும் ஓய்வறையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிகழ்ந்ததை இன்று நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்தே வருகின்றன.

நான் கள்ளக்குறிச்சியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இருவேளைப் பூசையையும் அதன் பின் ஓதும் பதிகங்களையும் விட்டு வெளியூரில் தங்காதவன். ஆகவே, எங்கள் பிள்ளைகள் மூவரும் மூன்று அயல்நாடுகளில் குடியேறியபோது, பிள்ளைப்பேறு, பத்தியம், தொட்டில், காதுகுத்து என்று பறந்து பறந்து போய்வந்தவள் என் மனைவிதான். நான் இறைவன் திருவடியைப் பற்றிக்கொண்டு வீட்டிலிருந்தேன். அவள் விமான இருக்கையின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு கடல்களைக் கடந்தாள். இதற்கு வெகுமதியாக ஒரு விமானக் கம்பெனி அவளுக்குத் தங்க அட்டை கொடுத்தது. அதில் குன்றிமணி அளவு பொன்னும் இல்லை. கைப்பேசித் திரையில் மஞ்சளாகத் தெரியும், அவ்வளவே. ஆனால் அதைக் காட்டினால் விமான நிலையத்தில் தனி அறை, மெத்தை நாற்காலி, வேண்டுமட்டும் உணவு.

கடைசி மகளின் குழந்தைக்கு முதல் பிறந்தநாள் வந்தது. அதற்கு நாங்களும் மருமகனின் பெற்றோரும் ஒரே விமானத்தில் ஒன்றாக வரவேண்டும் என்று மகள் சொல்லிவிட்டாள். எனக்கு அதுவே முதல் விமானப் பயணம்.

இங்கே ஒரு பழைய மனத்தாங்கலைச் சொல்லியாக வேண்டும். மகள் திருமணத்தன்று புகைப்படக்காரர் மாப்பிள்ளையின் பெற்றோரை மேடையை விட்டு இறங்கவிடவில்லை. அவர்கள் கீழே வருவதற்குள் முதல் பந்தி நிரம்பிவிட்டது. சம்பந்தியம்மாள் இரண்டாம் பந்தியில் உட்கார்ந்தார். அப்போது வடை தீர்ந்திருந்தது. யாரும் வேண்டுமென்று செய்ததன்று. ஆயினும் மூன்று ஆண்டுகளாக, எங்கள் வீட்டுக்கு வந்தால் அந்த அம்மாள் தண்ணீர் மட்டுமே குடிப்பார். மகள் தொலைபேசியில் என்னிடம் கெஞ்சினாள். "அப்பா, இந்தவாட்டி அத்தைக்கு ஒரு கொறையும் வரக்கூடாதுப்பா. கொறை வந்தா, மாசம் முழுக்க அதக் கேட்டுக்கினு இந்த வூட்ல இருக்கப்போறது நான்தான்."

ஆகவே அந்த லவுஞ்சிலேயே முதல் பந்தி மரியாதையை வட்டியோடு செலுத்திவிடுவது என்று தீர்மானித்தேன்.

கார் கள்ளக்குறிச்சியை விட்டதுமே லவுஞ்சின் பெருமைகளை விளக்கத் தொடங்கினேன். சம்பந்தி, கல்வராயன் மலையில் கரியாலூர் தடத்துப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். மலை வளைவுகளில் வண்டியின் இரைச்சலை வென்று பழகிய குரல் அவருக்கு. காருக்குள்ளும் அதே குரலில்தான் பேசுவார்.

"அட்ட ஒரு கம்பெனி குடுத்தது. நாம போறது இன்னொரு கம்பெனி ஃபிளைட்டு. இவன் எப்பிடி சம்மந்தி உள்ள வுடுவான்?"

இரு விமானக் கம்பெனிகளும் கூட்டாளிகள், அதாவது சம்பந்திகள் என்றேன். பெண் வீட்டில் ஒருவருக்குள்ள மதிப்பு பிள்ளை வீட்டிலும் செல்லும் அல்லவா, அவ்வாறே இதுவும் என்று உவமை காட்டினேன்.

பின்னிருக்கையிலிருந்து சம்பந்தியம்மாளின் குரல் மெதுவாக வந்தது. "ஆமாமா. சம்மந்தி வூட்டு மரியாத எங்களுக்குத் தெரியாதா?"

என் மனைவி என் தோளைத் தொட்டாள். "ஏங்க, வேற கம்பெனி ஃபிளைட்டுன்னா கூட ஒரு ஆளத்தான் வுடுவாங்கன்னு பையன் சொன்னானே." நானோ, தங்கம் என்று பெயர் வைத்துவிட்டு அவ்வளவு குறுகிய மனத்தோடு நடப்பார்களா என்று அதை ஒதுக்கித் தள்ளினேன்.

உளுந்தூர்பேட்டை உணவகங்களைக் கண்டதும் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். "நாலு இட்லியத் துன்னுட்டுப் போயிடலாம் சம்மந்தி" என்றார் சம்பந்தி. நான் அனுமதிக்கவில்லை. வயிற்றை இங்கே நிரப்பிக்கொண்டால் அங்கே விருந்துக்கு இடமிருக்காது என்றேன். எனக்கோ பிரதோஷ விரதம். மாலை வழிபாடு முடியும்வரை உண்பதில்லை. என் விரதத்தை அன்று மற்ற மூவர் மீதும் சுமத்தினேன் என்பது பிறகுதான் புரிந்தது. திருநாவலூர்ப் பக்கம் திரும்பி அங்குள்ள ஈசனைக் கைகூப்பித் தொழுதேன். எல்லோரும் பசியோடு போனோம்.

விமான நிலையச் சோதனைகளெல்லாம் முடிந்து லவுஞ்சின் வாசலை அடைந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நந்தியின் கொம்புகளுக்கிடையே பெருமானைத் தரிசிக்க வேண்டிய அந்த வேளையில், கண்ணாடிக் கதவின் இடுக்கு வழியே நான் ஒரு காப்பி இயந்திரத்தைத் தரிசித்தேன். மேசையிலிருந்த பெண் அட்டையைப் பார்த்துவிட்டு என் மனைவியை நோக்கி மலர்ந்தாள்.

"வெல்கம் மேடம். உங்ககூட ஒரு கெஸ்ட் வரலாம். அதே ஃபிளைட்டா இருக்கணும்."

நால்வருமே அதே விமானந்தான் என்றேன்.

"சாரி சார். கார்டு குடுத்த கம்பெனி ஃபிளைட்டுல போனா ஃபேமிலியையே கூட்டிட்டுப் போகலாம். இது பார்ட்னர் ஃபிளைட். கூட ஒருத்தர்தான்."

கட்டணம் செலுத்தியாவது உள்ளே போகலாமா என்று கேட்டேன். அன்று கூட்டம் மிகுதி, அட்டைக்காரர்களுக்கு மட்டுமே இடம் என்றாள். நான் சம்பந்தி உவமையை அவளுக்கும் விளக்க முற்பட்டேன். அப்போது என்னை இடைமறித்தவர் யாரென்று நினைக்கிறீர்கள்? என் சம்பந்தியேதான்.

"அந்தப் பொண்ணு சொல்றது ரைட்டு சம்மந்தி. பஸ்ல தியாகி பாஸ் வச்சிருக்கறவரு கூடவும் ஒரு ஆளத்தான் ஏத்துவோம். பின்னாலயே நாலு பேரு ஏறினா நான் வுடுவனா? விசில் ஊதி எறக்கிடுவேன்."

என் மானத்தைக் காக்க வேண்டியவர் எதிர்க்கட்சிக்குப் போய்விட்டார். அதன்பின், யார் உள்ளே போவது என்ற உபசாரம் தொடங்கியது. நீங்க போங்க, இல்ல நீங்க போங்க என்று நால்வரும் மாறி மாறிச் சொல்ல, எங்களுக்குப் பின்னால் பெட்டிகளோடு ஒரு வரிசை நீண்டது. பழக்கம் விடவில்லை சம்பந்திக்கு. "வழிய வுட்டு நில்லுங்க! ஏறுறவங்க சீக்கிரம் ஏறுங்க!" என்று குரல் கொடுத்தார். வரிசையில் நின்ற வெள்ளைக்காரர் ஒருவர் பயந்து விலகி நின்றார்.

முடிவு அட்டைக்கு உரியவளின் கையில் இருந்தது. நாற்பதாண்டு இல்லறத்தின் மேல் நம்பிக்கை வைத்து நான் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டேன். என் மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு சம்பந்தியம்மாளின் கையைப் பற்றி, "வாங்க சம்மந்தியம்மா" என்று அழைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கோயில்தோறும் முதல் மரியாதை பெற்றுப் பழகியவன் நான். கண்ணாடிக் கதவு என் மூக்குக்கு முன்னால் மூடிக்கொண்டது.

போகும்போது சம்பந்தியம்மாள் கணவரின் கையில் ஒரு பையைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். வாசலுக்கு எதிரிலிருந்த நாற்காலிகளில் அமர்ந்தோம். நான் கண்களை மூடி, பிரதோஷத்துக்குரிய பதிகத்தை மெல்லிய குரலில் ஓதி முடித்தேன். கண் திறந்தபோது, சம்பந்தி ஒரு பெரிய எவர்சில்வர் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். புளியோதரை. வறுத்த வேர்க்கடலையும் நல்லெண்ணெயும் மணத்தன.

"இது எப்போது வந்தது?" என்றேன்.

"எங்க வூட்டுக்காரம்மா விடியக்காலம் எழுந்து கிண்டினாங்க. ஒங்க விருந்த நம்பிப் போய் மறுபடி ரெண்டாம் பந்தி ஆயிட்டா இன்னா பண்றதுன்னு."

எனக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும், பசிதான் வந்தது. ஒரு கவளம் வாயில் இட்டேன். அதன்பின் நடந்ததை விவரிக்க என்னிடம் சொற்கள் இல்லை. சம்பந்தி மலைப்பேருந்துக் கதைகளைச் சொன்னார். ஆட்டுக்குட்டிக்கு அரை டிக்கெட் கேட்டுச் சண்டையிட்டவரைப் பற்றிச் சொன்னபோது எனக்குப் புரையேறியது. மூன்று ஆண்டுகளில் நாங்கள் இவ்வளவு பேசியதில்லை. டப்பாவின் அடி தெரிந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

அப்போது கதவு திறந்தது. பெண்கள் இருவரும் வெளியே வந்தார்கள்.

"அதுக்குள்ள வந்துட்டீங்களே?" என்றார் சம்பந்தி.

"ஒரு காப்பி குடிச்சோம்" என்றாள் என் மனைவி. "நீங்க ரெண்டு பேரும் வெளிய பட்டினியா குந்திக்கினு இருக்கறப்ப எப்பிடிங்க எறங்கும்? அவங்க தட்டையே எடுக்கல. நாலு பேருமா புளிச்சோறு சாப்பிடலாம்னு சொல்லி என்னைக் கூட்டிக்கினு வந்துட்டாங்க."

சம்பந்தியம்மாள் டப்பாவைப் பார்த்தார். அதில் ஒரு வேர்க்கடலையும் ஒரு கறிவேப்பிலையும் இருந்தன.

என் மகளின் குரல் என் காதில் ஒலித்தது. மாதம் முழுவதற்கும் அல்ல, இனி ஆயுள் முழுவதற்கும் போதுமான குறை அந்த டப்பாவுக்குள் கிடந்தது. நான் எழுந்து நின்றேன்.

"அன்னிக்கு வடை போச்சு" என்றார் அந்த அம்மாள், டப்பாவிலிருந்து கண்ணெடுக்காமல். "இன்னிக்குச் சோறும் போச்சு. இந்த சம்மந்தம் பண்ணதுல இருந்து எனக்கு வயிறாரத் துன்ற யோகமே இல்ல."

சம்பந்தி உடனே என்னைக் காட்டிக்கொடுத்தார். "என்னை மொறைக்காத. பாட்டும் பாடிட்டு, முக்காவாசியும் துன்னவரு அவருதான்."

"நல்லா இருந்துச்சா?" என்று அந்த அம்மாள் என்னிடம் நேராகக் கேட்டார். மூன்று ஆண்டுகளில் என்னை நேராகப் பார்த்து அவர் கேட்ட முதற்கேள்வி அது.

எத்தனையோ மேடைகளில் பேசியவன், "இன்னும் கொஞ்சம் இருக்குமா?" என்றுதான் சொன்னேன்.

அந்த அம்மாள் சிரித்தார். பையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். என் மனைவியும் சேர்ந்துகொண்டாள். மேசையிலிருந்த பெண்கூட எட்டிப் பார்த்தாள்.

இப்போது பசித்திருந்தவர்கள் அவர்கள் இருவர் மட்டுமே. என் மனைவி மீண்டும் அட்டையைக் காட்டினாள். ஒருமுறை வெளியே வந்தவர்கள் மறுபடி நுழைய முடியாது என்று அந்தப் பெண் தயங்கினாள். சட்டத்தின் பக்கம் நின்ற என் சம்பந்தி மறுபடியும் எழுந்தார்.

"ஏம்மா, வண்டி நிக்கறப்ப எறங்கி டீ குடிச்சிட்டு ஏறுறவங்களாண்ட மறுபடி டிக்கெட் கேப்பமா?"

அந்தப் பெண் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், கதவைத் திறந்துவிட்டாள். அவள் நீடு வாழ்க.

சற்று நேரத்தில் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். உள்ளே சம்பந்தியம்மாள் நின்றிருந்தார். இரு விரல்களில் ஒரு மெதுவடையை உயர்த்தி எனக்குக் காட்டினார். காட்டிவிட்டு, என் கண்ணெதிரே முழுவதையும் கடித்துத் தின்றார். நான் கைகூப்பினேன்.

பெருமானே, உன் திருவாசலில் முன்வரிசையில் இடம் தா என்று இத்தனை காலமும் பாடிவந்தேன். இப்போது அவ்வாறு கேட்பதில்லை. அந்தக் கதவுக்கும் அட்டை இருப்பது என் மனைவியிடந்தான். கூட ஒருவர்தான் என்றால் அங்கேயும் அவள் சம்பந்தியம்மாளைத்தான் அழைத்துப் போவாள். நான் சம்பந்தியோடு வெளியே காத்திருப்பேன். புளியோதரையில் மட்டும் இம்முறை பாதியை மிச்சம் வைப்பேன்.

இதைப் படிக்கும் அன்பர்கள் அனைவருக்கும் பசித்த வேளையில் உணவும், உண்ணும் வேளையில் அருகே சிரிக்க ஒருவரும் என்றும் குறைவின்றி வாய்க்க இறைவன் அருள்வானாக.